மூன்று கேள்விகள், இரண்டு அறைகள்: பெல் தேற்றத்தை விளையாடிக் காட்டும் முறை

பிரிந்து சென்ற இரண்டு துகள்களின் அளவீடுகள் எப்படி ஒத்துப்போகின்றன என்பதைப் பற்றியது, ஜான் பெல் என்ற இயற்பியலாளர் கண்ட தேற்றம். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டும் இந்த விளையாட்டை நடத்த, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பார்க்கவோ கேட்கவோ முடியாத இரண்டு அறைகள், இரண்டு பகடைகள், இரண்டு நோட்டுப் புத்தகங்கள், நொடி முள் ஒத்துப்போகும் இரண்டு கடிகாரங்கள், ஒரு சீட்டுக்கட்டு ஆகியவை போதும். தக்கலைக்கு அருகில் நெடுஞ்சாலையோரத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில், மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கோடை விடுமுறை தோறும் இதை நடத்தி வருகிறேன். படிப்பகத்தின் வாசிப்பறை எங்களுக்கு மேற்கு அறை. சாலையைக் கடந்தால் ரப்பர் ஷீட் காயப்போடும் ஓட்டுப்புரை ஒன்று உண்டு. பால்வெட்டு இன்னும் மும்முரமாகத் தொடங்காத நாட்களில் அது சும்மா கிடப்பதால் அதுவே கிழக்கு அறையாகிவிடும். வெல்பவர்களுக்குப் பரிசாக ஒரு குலை மட்டிப்பழத்தைப் படிப்பக வாசலிலேயே தொங்கவிட்டுவிட வேண்டும். பழம் கண்முன் தொங்கினால்தான் பிள்ளைகள் விதிகளில் ஓட்டை தேடுவார்கள். அந்தத் தேடல்தான் இந்தப் பாடத்தின் உயிர்.

பிள்ளைகள் இந்தப் பொருளைப் பற்றி ஏதும் அறியாமல் வருவதில்லை. ஐன்ஸ்டீன் தோற்றுவிட்டார் என்றும், ஒளியைவிட வேகமாகச் செய்தி போகிறது என்றும், மறைமாறிகளே, அதாவது துகள்கள் முன்கூட்டியே சுமந்து செல்லும் மறைவான விடைகளே, கிடையாது என்று நிரூபித்துவிட்டார்கள் என்றும் கைப்பேசியில் பார்த்த காணொளிகளை நம்பி வருகிறார்கள். முதலாவது பாதி உண்மை. மற்ற இரண்டும் பிழை. எது விழுந்தது, எது இன்னும் நிற்கிறது என்பதை வாயால் விளக்கப் பல ஆண்டுகள் முயன்று தோற்ற பிறகே நான் விளையாட்டுக்கு வந்தேன். தன் கையால் எண்ணிப் பார்த்த கணக்கோடு எந்தப் பிள்ளையும் வழக்காடுவதில்லை.

தொடங்குமுன் சொல்ல வேண்டியது

ஆட்டத்துக்கு முன் கால் மணி நேரத்துக்கு மேல் பேச வேண்டாம். 1935ஆம் ஆண்டு ஐன்ஸ்டீன், பொடோல்ஸ்கி, ரோசன் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரையின் வாதத்தை மட்டும் சொன்னால் போதும். ஒன்றாக இருந்து பிரிந்து சென்ற இரண்டு துகள்களில் ஒன்றை இங்கே அளந்தால், தொலைவில் இருக்கும் மற்றதை அளக்கும்போது என்ன கிடைக்கும் என்பதை அதைத் தொடாமலேயே உறுதியாகச் சொல்லிவிட முடிகிறது. இங்கே செய்யும் அளவீடு அங்கே இருப்பதை அந்தக் கணமே மாற்றாது என்று கொண்டால், அங்கே கிடைக்கப்போகும் விடை முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும். அணு உலகை விளக்கும் குவாண்டம் இயக்கவியலின் சமன்பாடுகளில் அந்த விடை இல்லை. ஆகவே அந்தக் கோட்பாடு முழுமையானதல்ல என்பதே அவர்களுடைய முடிவு. இங்கே நடப்பது அங்கே நடப்பதை உடனடியாகத் தொடாது என்ற கொள்கையை இக்கட்டுரையில் இடவரம்பு என்றும், துகள்கள் தம்மோடு சுமந்து செல்வதாகக் கருதப்படும் எழுதப்படாத விடைகளை மறைமாறிகள் என்றும் குறிப்பிடுகிறேன். மூவரும் பேசியது துகள்களின் இடத்தையும் உந்தத்தையும் பற்றி. அதைத் துகள்களின் ‘ஸ்பின்’ எனப்படும் தற்சுழற்சிக்கு மாற்றி எளிமையாக்கியவர் இயற்பியலாளர் டேவிட் போம், 1951இல்.

இதற்கு ஒரு நாட்டு எடுத்துக்காட்டு சொல்லலாம். அவசரத்தில் ஒற்றைச் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிய ஒருவர், வடசேரி பஸ் நிலையத்தில் இறங்கிப் பையைத் திறந்து இடது கால் செருப்பைக் காண்கிறார். வீட்டில் கிடப்பது வலது கால் செருப்பு என்பது அந்த நொடியே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. இதில் யாருக்கும் வியப்பு இல்லை. ஜான் பெல் இதே கருத்துக்குத் தம்மோடு பணியாற்றிய பெர்ட்ல்மன் அணிந்த நிறம் பொருந்தாத காலுறைகளை எடுத்துக்காட்டினார். நம் ஊர் வெயிலுக்குச் செருப்பே பொருத்தம். பெரும்பாலான விளக்கங்கள் இந்தச் செருப்போடு நின்றுவிடுகின்றன. அங்கே நிறுத்தினால் மொத்தப் பாடமும் கெட்டுப்போகும். செருப்பிடம் நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி, இடதா வலதா என்பது. ஒன்றுக்கு மேற்பட்ட கேள்விகளைக் கேட்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒன்றைத்தான் கேட்கலாம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு மாறிவிடுகிறது என்பதை 1964இல் கண்டவர் பெல். அவர் வடஅயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தவர், ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றியவர். அங்கே அவருடைய சம்பள வேலை வேறு, இது விடுப்பில் செய்த வேலை. இவ்வளவும் சொல்லி முடித்ததும் பகடையை எடுத்துவிட வேண்டும்.

விதிகள்

இருவர் ஒரு ஜோடி. பிரிந்து போகுமுன் அவர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கூடிப் பேசலாம், திட்டம் தீட்டலாம், அதைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். பிரிந்த பிறகு ஒருவருக்கொருவர் எந்தச் செய்தியும் கூடாது. ஒவ்வோர் அறையிலும் ஒரு கண்காணிப்பாளர் இருப்பார். கடிகாரத்தின் ஒவ்வொரு பத்தாவது நொடியிலும் அவர் பகடையை உருட்டி, 1 அல்லது 2 விழுந்தால் ‘ஒன்று’ என்றும், 3 அல்லது 4 விழுந்தால் ‘இரண்டு’ என்றும், 5 அல்லது 6 விழுந்தால் ‘மூன்று’ என்றும் அறிவிப்பார். கேள்வி என்பது இந்த எண் மட்டுமே. அதற்கு வேறு பொருள் தேடக் கூடாது. ஆட்டக்காரர் உடனே ஒரு சிவப்புச் சீட்டையோ கறுப்புச் சீட்டையோ காட்ட வேண்டும். கண்காணிப்பாளர் சுற்றின் வரிசை எண், கேட்ட எண், காட்டிய நிறம் ஆகிய மூன்றையும் நோட்டில் எழுதுவார். அறுபது சுற்று முடிந்ததும் இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

வெல்வதற்கு நிபந்தனைகள் இரண்டு. ஒரு சுற்றில் இரண்டு அறைகளிலும் ஒரே எண் கேட்கப்பட்டிருந்தால் நிறங்கள் தவறாமல் ஒத்திருக்க வேண்டும். ஒரு சுற்றில் தவறினாலும் அந்த ஜோடியின் அறுபதும் செல்லாது. வெவ்வேறு எண்கள் கேட்கப்பட்ட சுற்றுகளில் நிறங்கள் முடிந்தவரை ஒத்துப்போகாமல் இருக்க வேண்டும். அத்தகைய சுற்றுகளில் நான்கில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோ மட்டுமே ஒத்துப்போனால் பழம் அவர்களுக்கு.

தனித்தனியே நாணயம் சுண்டி நிறத்தைத் தீர்மானிக்கலாம் என்று முதலில் ஒரு ஜோடியாவது முயலும். முயலவிட வேண்டும். ஐந்தாறு சுற்றுக்குள் ஒரே எண்ணுக்கு வேறு வேறு நிறம் விழுந்து அவர்கள் வெளியேறுவார்கள். முதல் நிபந்தனையைக் காப்பாற்ற வேண்டுமானால், ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று எண்களுக்கும் உரிய நிறங்களை முன்பே பேசி வைத்து, இருவரும் ஒரே பட்டியலோடு போவதைத் தவிர வேறு வழியில்லை என்பதை அவர்களாகவே கண்டுபிடிப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு பிள்ளையின் பையிலிருந்து பட்டியலை வாங்கி எல்லோருக்கும் காட்டி, இதுதான் மறைமாறி என்று சொல்ல வேண்டும். மறைமாறி என்பது யாரோ வெறும் ஆசையால் நுழைத்த ஊகம் அல்ல. பேசிக்கொள்ளாமல் எப்போதும் ஒத்துப்போக வேண்டும் என்ற நிலை அதைக் கட்டாயமாக்குகிறது. 1935ஆம் ஆண்டுக் கட்டுரையின் வலிமை இதில்தான் இருக்கிறது, அதைப் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் உணர்கிறார்கள்.

கணக்கு

பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் மூன்று நிறங்கள் இருக்கும். மூன்று இடங்கள், இரண்டே நிறங்கள் என்பதால் இப்படி எட்டு வகை வரிகளே எழுத முடியும். மூன்றும் சிவப்பு, மூன்றும் கறுப்பு என்ற இரண்டைத் தவிர்த்தால் மீதி ஆறிலும் இரண்டு இடங்களில் ஒரு நிறமும் மூன்றாவதில் மற்ற நிறமும் இருக்கும். ‘சிவப்பு, சிவப்பு, கறுப்பு’ என்ற வரியை எடுத்துக்கொள்வோம். வெவ்வேறு எண்களைக் கொண்ட இணைகள் மூன்று: ஒன்றும் இரண்டும், இரண்டும் மூன்றும், ஒன்றும் மூன்றும். இவற்றில் முதல் இணைக்கு நிறம் ஒத்துப்போகிறது, மற்ற இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. மூன்று பேருக்கு இரண்டு நிறச் சட்டைகளைக் கொடுத்தால் இரண்டு பேராவது ஒரே நிறத்தில் இருந்தே ஆக வேண்டும். எவ்வளவு சாமர்த்தியமான பட்டியலும் இதைத் தாண்ட முடியாது. ஆகவே வெவ்வேறு எண்கள் விழும் சுற்றுகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு ஒத்துப்போகும். கால் பங்குக்கு இறங்கவே முடியாது. இந்த ‘குறைந்தது மூன்றில் ஒன்று’ என்பதே பெல் சமனிலியின் ஒரு வடிவம். இதற்கு மேல் அதில் கணிதம் ஒன்றும் இல்லை என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள்; எட்டு வரிகளையும் கரும்பலகையில் எழுதி அவர்களையே எண்ணச் சொல்ல வேண்டும்.

சுற்றுகளின் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் கூடாது. இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் ஆண்டு நேரமாகிவிட்டதென்று ஒரே ஒரு ஜோடியை 36 சுற்றோடு நிறுத்தினேன். வெவ்வேறு எண்கள் விழுந்தவை 24. அவற்றில் ஒத்துப்போனவை சரியாக 6. கால் பங்கு! பிள்ளைகள் குலையை நோக்கிப் பாய்ந்தார்கள், நானோ கரும்பலகையில் எழுதிய கணக்கின் முன் விழித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தபோதுதான், மூன்றில் ஒரு பங்கு நிகழ்தகவு உள்ள ஒன்று 24 முறையில் ஆறோ அதற்குக் குறைவோ நிகழ்வது ஏறத்தாழ நான்குக்கு ஒரு தடவை தற்செயலாகவே நடக்கும் என்பது விளங்கியது. இப்போது ஆறு ஜோடிகளை ஆளுக்கு 60 சுற்றாக ஆடவைத்து, மொத்தம் 360 சுற்றுக்கும் சேர்த்தே பரிசைத் தீர்மானிக்கிறேன். அதில் வெவ்வேறு எண்கள் விழுபவை ஏறத்தாழ 240 இருக்கும்; அவற்றில் ஒத்துப்போவது 60 அல்லது அதற்குக் கீழே தற்செயலாக இறங்குவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் நான்குதான்.

இயற்கை காட்டும் எண்

பிள்ளைகளால் முடியாததை ஃபோட்டான்கள் என்ற ஒளித்துகள்கள் செய்கின்றன. ஒரே மூலத்திலிருந்து எதிரெதிர்த் திசைகளில் செல்லும், பின்னிப் பிணைந்த இரண்டு ஃபோட்டான்களை எடுத்துக்கொள்வோம். மூன்று கேள்விகள் என்பவை தளவிளைவை, அதாவது ஒளி எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதை, அளக்கும் கருவியின் மூன்று நிலைகள்: 0 பாகை, 60 பாகை, 120 பாகை. சிவப்பு என்பது போலராய்டைக் கடந்தது, கறுப்பு என்பது கடக்காதது. இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் அளந்தால் விடைகள் எப்போதும் ஒத்துப்போகும். வெவ்வேறு கோணங்களில் அளந்தால், இடைக்கோணத்தின் கோசைனின் வர்க்கம் எவ்வளவோ அவ்வளவு பங்கு ஒத்துப்போகும் என்று குவாண்டம் இயக்கவியல் சொல்கிறது. 60 பாகையின் கோசைன் அரை. அதன் வர்க்கம் கால். 120 பாகைக்கும் அதே கால்தான் வரும்.

இந்தக் கோசைன் வர்க்கத்தைப் பிள்ளைகள் மாலஸ் விதியாகப் பாடத்தில் படித்திருப்பார்கள், ஆனால் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். போலராய்டு குளிர்கண்ணாடிகள் இரண்டு இருந்தால் காட்டிவிடலாம். கைப்பேசியில் ஒளி அளக்கும் செயலியைத் திறந்து, உணரியின் மேல் ஒரு கண்ணாடியை வைத்து, அதன் மேல் இரண்டாவதை வைத்து, மேலேயுள்ளதை மெல்லத் திருப்ப வேண்டும். இரண்டும் இணையாக இருக்கும்போது கிடைக்கும் எண், 60 பாகை திருப்பியதும் ஏறத்தாழக் கால் பங்காகச் சரியும். 90 பாகையில் அனேகமாக இருட்டு. சன்னல் வெளிச்சத்தில் செய்தால் மேகம் போகும்போதெல்லாம் எண் ஆடும், ஆகவே மேசை விளக்கில் செய்வது நல்லது. இது பிணைந்த ஃபோட்டான்களின் சோதனை அல்ல, கால் என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதன் காட்சி மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால், குளிர்கண்ணாடியால் பெல் சோதனை செய்துவிட்டோம் என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

உண்மையான ஆய்வகங்களில் எந்த இணையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை; கருவிகளில் சிறு பிழைகள் இருந்தே தீரும். அதற்கு இடம்கொடுக்கும் வகையில் கிளாசர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் ஆகிய நால்வர் 1969இல் சமனிலியை மாற்றி அமைத்தார்கள். அவர்களுடைய வடிவத்தில், விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிடுவார்கள்; முன்கூட்டிய பட்டியலோடு வருபவர்களுக்கு அது 2ஐத் தாண்ட முடியாது. குவாண்டம் இயக்கவியல் ஏறத்தாழ 2.83 வரை போகலாம் என்கிறது. 1982இல் பிரான்சின் ஓர்சேயில் அலென் ஆஸ்பே குழுவினர் கால்சியம் அணுக்களின் ஒளியைக் கொண்டு செய்த ஒரு சோதனையில் கிடைத்தது 2.697. பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வடிவம் வேண்டாம். மூன்று கேள்வி விளையாட்டே போதும்.

ஏமாற்றவிட வேண்டிய மூன்று வழிகள்

நேர்மையாக ஆடித் தோற்ற பிறகு, ஏமாற்றி ஆட வாய்ப்பு கொடுக்க வேண்டும். இயற்பியலாளர்கள் ஐம்பது ஆண்டுகள் செய்த வேலையின் பெரும்பகுதி, இயற்கை இப்படி ஏமாற்றவில்லை என்று உறுதிப்படுத்தியதுதான்.

முதல் வழி கைப்பேசி. தனக்குக் கேட்கப்பட்ட எண்ணை மேற்கு கிழக்குக்குச் சொல்லிவிட்டால், எண் ஒன்றானால் அதே நிறம், வேறானால் எதிர் நிறம் என்று கிழக்கு காட்டலாம். கால் என்ன, பூஜ்யத்துக்கே இறங்கிவிடலாம். மறைமாறிகளை வைத்துக்கொண்டே குவாண்டம் இயக்கவியலின் எண்களையெல்லாம் தரும் ஒரு கோட்பாட்டை டேவிட் போம் 1952இல் வெளியிட்டார். அதில் இரண்டு துகள்களுக்கும் இடையே தொலைவைப் பொருட்படுத்தாத இந்தத் தொடர்பு இருக்கிறது. அத்தகைய கோட்பாடே சாத்தியமில்லை என்று கணித மேதை வான் நாய்மன் 1932இல் கொடுத்திருந்த நிரூபணத்தைப் பெரும்பாலோர் கேள்வியின்றி ஏற்றிருந்தார்கள். அதில் ஓட்டை இருப்பதை 1935இலேயே சுட்டிக்காட்டிய கிரேட்டே ஹெர்மன் என்ற பெண்மணியை யாரும் கவனிக்கவில்லை. ஆகவே மறைமாறிகள் கிடையாது என்று பெல் நிரூபித்ததாகச் சொல்வது தவறு. இடவரம்பைக் காக்கும் மறைமாறிகளால் முடியாது என்பதே அவர் காட்டியது. காணொளிகள் விழுங்கிவிடுவது இந்த அடைமொழியைத்தான்.

கைப்பேசியை எப்படித் தடுப்பது? ஒளியைவிட வேகமாகச் செய்தி செல்லாது என்பதால், கேள்வி தீர்மானிக்கப்பட்ட பிறகு மறுபக்கத்துக்கு ஒளி போய்ச் சேர்வதற்குள் விடையை வாங்கிவிட்டால் போதும். ஆஸ்பேயின் சோதனையில் அளவிகள் ஏறத்தாழ 12 மீட்டர் தள்ளியிருந்தன. ஒளிக்கு அதைக் கடக்க 40 நானோநொடி தேவை, அவருடைய கருவியோ 10 நானோநொடிக்கு ஒரு முறை கேள்வியை மாற்றியது. 1998இல் இன்ஸ்புருக்கில் ஆன்டன் ஸைலிங்கர் குழுவினர் தொலைவை 400 மீட்டராக்கி, கேள்விகளையும் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தார்கள். வாவத்துறைக் கரைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையிலுள்ள தொலைவை விட இது சற்றுக் குறைவு. படகுத்துறையில் நின்று பாறையைப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்த ஒப்பீடு உடனே பிடிபடும். அந்தத் தொலைவுக்கு ஒளி எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கை விடச் சற்றுக் கூடுதல்.

இரண்டாவது வழியை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி. “சாரே, லாரி போற சத்தத்துல கேள்வி காதுல விழலன்னா அந்தச் சுற்ற விட்டுரலாமா?” என்று கேட்டாள். ஓட்டுப்புரை சாலையை ஒட்டியிருப்பதால் நியாயமான கோரிக்கையாகத் தோன்றியது. தாராளமாக விடலாம் என்றேன். அன்று 360 சுற்றில் 121 விடுபட்டன. மிஞ்சியவற்றில் ஒரே எண் விழுந்த 82 சுற்றிலும் நிறம் பிசகவில்லை. வெவ்வேறு எண்கள் விழுந்தவை 157, அவற்றில் ஒத்துப்போனவை 39. கால் பங்குக்கும் கீழே. லாரிச் சத்தம் என்று விடுபட்டவை அனைத்தும் கிழக்கு அறையில் என்பதைக் கவனித்துப் பட்டியல்களை வாங்கிப் பார்த்தேன். ‘சிவப்பு, சிவப்பு, கறுப்பு’ என்ற வரியில் முதல் சிவப்பின் கீழ் ஒரு சிறு புள்ளி. ஒவ்வொரு வரியிலும் அப்படியே, ஒத்துப்போகும் இரண்டு நிறங்களில் ஒன்றின் கீழ் புள்ளி. அந்த எண் கேட்கப்பட்டால் கிழக்குக்குக் காது கேட்காது! ஆறு ஜோடிகளுக்கும் அவளே சொல்லிக்கொடுத்திருந்தாள். கணக்கும் துல்லியம்: கிழக்கு இரண்டு எண்களுக்கு மட்டும் விடை சொல்ல, மேற்கு மூன்றுக்கும் சொல்ல, வெவ்வேறு எண்கள் விழும் நான்கு சேர்க்கைகளில் ஒன்றே ஒன்று ஒத்துப்போகிறது. குலை அன்றைக்குப் போயிற்று. இதுவரை நான் கொடுத்த ஒரே குலை அது.

மூன்றில் ஒரு கேள்வியை ஒரு பக்கம் விட்டுவிட்டாலே இயற்கையின் எண்ணைப் போலி செய்துவிடலாம் என்றால், ஆய்வகச் சோதனைகளை எப்படி நம்புவது? 1972இல் ஃபிரீட்மனும் கிளாசரும் பெர்க்லியில் செய்த முதல் சோதனையிலிருந்து ஆஸ்பே வரை, புறப்பட்ட ஃபோட்டான்களில் மிகச் சிறு பகுதியே கருவிகளில் சிக்கியது. சிக்கியவை சிக்காதவற்றுக்கு நேர்மையான மாதிரி என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த மாணவியின் புள்ளிகளைப் பார்த்த பிறகு அப்படி எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பது எனக்கே உறைத்தது. இந்த ஓட்டையும் தொலைவு ஓட்டையும் ஒரே சோதனையில் அடைபட்டது 2015இல்தான். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வைரத் துண்டுகளில் இருந்த எலக்ட்ரான்களைப் பிணைத்தார்கள். பிணைப்பு ஏற்பட்டுவிட்டது என்பதை ஒரு தனிக் குறிப்பொளி அறிவிக்கும். அறிவிப்பு வந்த சுற்று ஒவ்வொன்றும் கணக்கில் சேரும், கேள்வி கேட்ட பிறகு காது கேட்கவில்லை என்று சொல்ல இடமே இல்லை. அப்படிக் கிடைத்தவை 245 சுற்றுகள்; பட்டியலால் 2ஐத் தாண்ட முடியாத அந்த எண் இங்கே 2.42. அதே ஆண்டில் வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் திறன்மிக்க ஒளியுணரிகளைக் கொண்டு ஃபோட்டான்களிலேயே இதைச் செய்து காட்டினார்கள். ஆஸ்பே, கிளாசர், ஸைலிங்கர் ஆகிய மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. பெல் 1990இலேயே காலமாகியிருந்தார்.

மூன்றாவது வழி பகடையைக் கையாளுவது. கண்காணிப்பாளர்கள் என்னென்ன எண்களைக் கேட்கப்போகிறார்கள் என்பது முன்பே தெரிந்தால், அதற்கேற்ப வெல்லும் பட்டியலை எளிதாக எழுதிவிடலாம். இதைக் கடைசியில் பார்ப்போம்.

என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

ஆட்டம் முடிந்ததும் மேற்கு நோட்டை மூடிவைத்துவிட்டுக் கிழக்கு நோட்டை மட்டும் பார்க்கச் சொல்ல வேண்டும். எந்த எண் கேட்டாலும் ஏறத்தாழப் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. மேற்கில் என்ன கேட்டார்கள் என்பதன் சுவடு அதில் எங்கும் இல்லை. ஃபோட்டான் சோதனைகளிலும் அப்படியே: ஒத்துப்போவதும் போகாததும் இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் வைக்கும்போதுதான் தெரிகிறது, நோட்டைக் கொண்டுவருவதற்கோ ஒளியைவிட வேகமான வண்டி கிடையாது. ஒக்கிப் புயலுக்கு அடுத்த கோடையில், கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு பையன், இதைக் கொண்டு ஆழ்கடலில் இருக்கும் வள்ளத்துக்கு உடனே செய்தி அனுப்ப முடியுமா என்று கேட்டான். 2017 நவம்பர் இறுதியில் கரையில் காத்திருந்தவர்களின் பிள்ளை அவன். அந்தக் கேள்வியை வெறும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள யாராலும் முடியவில்லை. முடியாது என்று சொல்லி, கிழக்கு நோட்டை அவன் கையிலேயே கொடுத்தேன். அவன் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, இதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லையே என்றான். வேறு எவருடைய விளக்கமும் அதற்கு ஈடாகாது.

இனி முடிவு. ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒத்துப்போவதும், வெவ்வேறு எண்களுக்குக் கால் பங்கே ஒத்துப்போவதும் ஒருசேர உண்மையானால், நாம் கொண்ட எடுகோள்களில் ஏதோ ஒன்று விழ வேண்டும். இடவரம்பு விழலாம், போமின் கோட்பாடு அந்தப் பக்கம். கேட்காத கேள்விக்கும் ஒரு விடை உண்டு என்று பேசுவதையே விட்டுவிடலாம். இயற்பியலாளர் நீல்ஸ் போரின் (Bohr) வழிவந்தவர்கள் அந்தப் பக்கம். ஓர் அளவீட்டுக்கு ஒரே விடைதான் கிடைக்கிறது என்பது விழலாம்; பல உலகக் கொள்கையினர் அங்கே நிற்கிறார்கள். இவற்றில் எது என்பதில் இயற்பியலாளர்களிடையே இன்றும் உடன்பாடு இல்லை. மறைமாறிகளை மட்டும் கைவிட்டால் இடவரம்பு தப்பிவிடும் என்ற பேச்சு எனக்கு ஒருபோதும் நிறைவு தந்ததில்லை, ஏனென்றால் அந்தப் பட்டியல் இடவரம்பிலிருந்தே பிறந்தது என்பதை நாணயம் சுண்டித் தோற்ற ஜோடி காட்டிவிடுகிறது. ஆனால் இது என் சாய்வு. பிள்ளைகளிடம் சாய்வு என்றே சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்ததென்று நம் முன்னோர் அன்றே சொன்னார்கள் என்று யாராவது எழுந்து பேசத் தொடங்கினால், அவர்கள் எந்த எண்ணைச் சொன்னார்கள், காலா, மூன்றில் ஒன்றா என்று பணிவாகக் கேட்டு உட்கார வைக்கலாம்.

பகடைக்கு மாற்று

பகடை முன்பே தீர்மானிக்கப்பட்டதல்ல என்பதற்கு என்ன உறுதி என்று கூர்மையான ஒரு பிள்ளையாவது கேட்கும். பட்டியலை எழுதிய அதே காரணங்களே பகடையையும் உருட்டியிருந்தால்? இந்த ஓட்டையை முழுதாக அடைக்க முடியாது, தொலைவுக்குத் தள்ளிவிட மட்டுமே முடியும். ஸைலிங்கர் குழுவினர் 2017இல் வெளியிட்ட சோதனையில், நம் பால்வழி மண்டலத்தின் இரண்டு விண்மீன்களிலிருந்து வந்த ஒளியின் நிறத்தைக் கொண்டு கேள்விகளைத் தீர்மானித்தார்கள். அந்த ஒளி ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. அடுத்த ஆண்டு, மிகத் தொலைவிலிருந்து பேரொளி வீசும் விண்பொருள்களான குவேசார்களுக்குப் போனார்கள். அவற்றில் அருகிலுள்ளதன் ஒளியே 780 கோடி ஆண்டுப் பயணி. சதி நடந்திருந்தால் அதற்கும் முன்பே நடந்திருக்க வேண்டும்.

எங்களுக்குக் குவேசார் கிடையாது, நெடுஞ்சாலை இருக்கிறது. இப்போது பகடைக்குப் பதிலாக வண்டிகளைப் பயன்படுத்துகிறோம். மேற்குக் கண்காணிப்பாளர் நாகர்கோவில் பக்கம் போகும் வண்டிகளையும், கிழக்குக் கண்காணிப்பாளர் மார்த்தாண்டம் பக்கம் போகும் வண்டிகளையும் பார்ப்பார். ஆட்டக்காரர்கள் சாலை தெரியாதபடி திரும்பி உட்கார வேண்டும். குறித்த நொடிக்குப் பின் கடக்கும் முதல் வண்டியின் பதிவெண் 1, 2, 3இல் முடிந்தால் கேள்வி ஒன்று. 4, 5, 6இல் முடிந்தால் இரண்டு. 7, 8, 9இல் முடிந்தால் மூன்று. நாகர்கோவில், மார்த்தாண்டம் பதிவுகளோடு கேரளப் பதிவு வண்டிகளும் தாராளமாக வரும், எல்லாமே செல்லும். வண்டி எண்களைக் கூடத் தேர்ந்தெடுத்து வாங்குபவர்கள் உண்டு என்பதால் சில எண்கள் சற்றுக் கூடுதலாக விழும். அது கணக்கைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. பூஜ்யத்தில் முடியும் வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும். இதுவும் ஒரு சுற்றை விடுவது போன்றதுதானே என்று அந்த மாணவி, இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டே எங்களுக்குக் கண்காணிப்பாளராக வருபவள், முதல் நாளே மடக்கினாள். கேள்வி பிறப்பதற்கு முன் விடுவதில் தவறில்லை, கேட்ட பின் விடுவதுதான் கூடாது என்று அவளே பதிலும் சொல்லிவிட்டு நோட்டில் கோடு போட ஆரம்பித்தாள்.